வேர்க்காத அறை

மார்ச் 2

அன்புள்ள வாண்டு,

மூட்டு வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. உனக்கு வாந்தி நின்றதா? ஐந்தாம் மாதத்தில் நின்றுவிடும் என்று என்னிடம் கேக் வாங்க வரும் நர்ஸம்மா அடித்துச் சொன்னார். மாப்பிள்ளை பஸ் பணிமனையிலிருந்து வந்ததும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டுத்தான் உன் பக்கம் வர வேண்டும் என்று சொல்லி வை.

போன மாதம் நடந்த கூத்தைக் கேள். ஒரு ஒப்பந்தக்காரர் வீட்டுப் பிறந்தநாளுக்கு யானை கேக் செய்தேன். மேலே ஃபாண்டன்ட், அதுதான், சர்க்கரையை மாவு போலப் பிசைந்து துணி மாதிரித் தேய்த்துப் போர்த்துவோமே, அது. மனுஷர் அதைக் காரின் பின்சீட்டில் வெயில் படுகிற பக்கமாக வைத்துக்கொண்டு போயிருக்கிறார். பெட்ரோல் செலவாகும் என்று ஏசியும் போடவில்லை. வீடு போய்ச் சேர்வதற்குள் யானை படுத்துவிட்டது, தும்பிக்கை சீட்டோடு ஒட்டிக்கொண்டது. திரும்பி வந்து என்னிடம் சண்டை. "நான் ஆர்டர் குடுத்தது யானை. நீங்க குடுத்தது பன்னி" என்றார். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஆனால் தப்பு அவர்மேல் மட்டும் இல்லை. என் சமையலறையே அடுப்பாகக் கொதிக்கிறது. ஃப்ரிட்ஜில் வைத்தால் வெளியே எடுத்ததும் கேக் வேர்த்துக் கொட்டுகிறது, சிவப்பு வெள்ளையில் வழிகிறது. அதனால் ஒரு அறை வாடகைக்குப் பிடித்திருக்கிறேன். ஹார்டுவேர் கடைக்கு மேல் மாடி. முன்பு ஒரு போட்டோக்காரர் ஃபிலிம் சுருள்களை வைத்திருந்தாராம். ஜன்னல் கிடையாது, சுவர் முழங்கை நீளத்துக்குத் தடிமன், கதவைச் சுற்றி ரப்பர். தெருவில் தார் உருகுகிற மத்தியானத்தில் உள்ளே போனேன். ஏசி இல்லை, விசிறி இல்லை, குளுகுளுவென்று இருந்தது. துளி ஈரமும் இல்லை.

உள்ளே போன் மட்டும் எடுக்காது. இனிக் கடிதம்தான். போனில் நீ அழுதால் எனக்கு வேலை ஓடாது, இது ரெண்டு பேருக்கும் நல்லது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

*

மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் ரெண்டரை பேரும் சௌக்கியம். வாந்தி நின்றுவிட்டது, இப்போது பசி. பக்கத்து வீட்டுப் பெண் தட்டை நீட்டும்போதே கையையும் சேர்த்துத் தின்றுவிடுவேன் போலிருக்கிறது.

புது அறை கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அதிலேயே குடித்தனம் நடத்த ஆரம்பித்துவிடாதே. ஜூன் தொடக்கத்தில் வருகிறேன் என்று சொன்னாயே, அது நிஜம்தானே? இந்த ஊரில் எனக்கு ஒருத்தரையும் தெரியாது. இவருக்கு ஷிப்டு மாறி மாறி வருகிறது. ஆஸ்பத்திரியில் பிரசவ அறைக்குள் ஒரு பெண் துணைக்கு இருக்கலாம் என்கிறார்கள். நீதான் இருக்க வேண்டும்.

அப்புறம் ஒன்று. என்னைப் பெற்ற அன்றைக்கு அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரவில்லை என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். உனக்கு அப்போது பத்து வயது, நீ அங்கே இருந்தாய். என்ன ஆயிற்று என்று டாக்டர் கேட்கிறார். எழுதி அனுப்பு.

பிள்ளைக்கு முதல் கேக் உன் கையால்தான். இந்த வெயிலில் ஒரு பகல் முழுக்க வண்டியில் எப்படிக் கொண்டுவருவாய்? யானை வேண்டாம், பன்னியே போதும்.

அன்புடன்,
வாண்டு

*

ஏப்ரல் 9

அன்புள்ள வாண்டு,

நலம். நீ நன்றாகச் சாப்பிடுகிறாய் என்று படித்ததும் வயிறு குளிர்ந்தது.

கேக்கை எப்படிக் கொண்டுவருவேன் என்று கேட்டாய். பிளாஸ்டிக் டப்பாவில் வைக்கக் கூடாது, வெறும் அட்டைப் பெட்டிதான், அட்டை ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வண்டியில் முதலில் ஏசியைப் போட்டு உள்ளே குளிர வைத்துவிட்டு அப்புறம்தான் பெட்டியை ஏற்ற வேண்டும். சீட்டில் வைத்தால் சாயும், கீழே தரையில் ரப்பர் விரிப்பின்மேல் வைக்க வேண்டும். வந்து சேர்ந்ததும் ஆசைப்பட்டுப் பெட்டியைத் திறந்துவிடக் கூடாது. சூடு மெதுவாக உள்ளே போகட்டும். அவசரப்பட்டால் மேலெல்லாம் வேர்த்துவிடும். வேர்த்ததைத் தொட்டால் விரல் பதிந்து நின்றுவிடும், எந்தக் கொம்பனாலும் சரி செய்ய முடியாது.

இந்த அறையில் அந்தக் கவலையே இல்லை. முதல் நாள் செய்த சர்க்கரை ரோஜா அலமாரியில் இருக்கிறது, இதழ் நுனிகூடத் தொங்கவில்லை. டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு மறந்துபோனேன். வேலை முடிந்து எடுத்தால் ஆவி பறக்கிறது, ஆடைகூடப் படியவில்லை. நகம் வெட்டி நாளாயிற்று, வளரக் காணோம். மாவு பிசைகிறவளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? சாப்பாட்டு நினைவே வருவதில்லை. வீட்டுக்குப் போவதும் குறைந்துவிட்டது.

மே 12-க்கு ஒரு கல்யாண கேக், மூன்றடுக்கு. கீழே ஹார்டுவேர் கடைக்காரர் மகளுடைய சிநேகிதிக்கு. அதைக் கொடுத்துவிட்டால் நான் உன் ஆள்.

எதற்கும் அவசரப்படாதே. மெதுவாக நட.

அக்கா

*

மே 3

அக்கா,

நீ சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். நான் அவ்வளவு சுகமில்லை.

இரத்த அழுத்தம் ஏறுகிறது. காலில் செருப்பு நுழையவில்லை. டாக்டர் அம்மாவைப் பற்றி மறுபடியும் கேட்டார். நீ இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய், ரோஜாவுக்கு இடம் இருக்கிறது, டீக்கு இடம் இருக்கிறது, அம்மாவுக்கு ஒரு வரி இல்லை. எனக்குக் கோபமில்லை அக்கா, பயம். அம்மாவுக்கு ஆனது எனக்கும் ஆகிவிடுமோ என்று படுத்தால் அதே நினைப்பு. இவரிடம் சொன்னால் முகம் சுண்டிவிடுகிறது, அதனால் உன்னிடம் சொல்கிறேன்.

இப்போது ஏழாவது மாதம். கல்யாண கேக்கைக் கொடுத்த கையோடு கிளம்பி வந்துவிடு.

வாண்டு

*

மே 11

என் கண்ணு வாண்டு,

உன் கடிதத்தைப் படித்தேன். படித்து அலமாரியில் ரோஜாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறேன்.

உனக்கு ஒன்றும் ஆகாது. கேட்கிறதா? ஏழாம் மாதம்தானே. இந்தக் கடிதத்தில் நீ பயந்திருக்கிறாய், கால் வீங்கியிருக்கிறது, ஆனால் நன்றாக இருக்கிறாய். இப்படியே இரு.

கேக் முடிந்துவிட்டது. நானே சொல்லக் கூடாது, கண்ணாடி மாதிரி இருக்கிறது. அடுக்குகளுக்கு நடுவில் குச்சி கொடுத்து நிறுத்தியிருக்கிறேன், பூகம்பம் வந்தாலும் அசையாது. நாளைக்கு வந்து எடுத்துக்கொண்டு போவார்கள். எடுத்ததும் கிளம்புகிறேன்.

தைரியமாக இரு.

அக்கா

*

ஜூன் 8

அக்கா,

எங்கே இருக்கிறாய்? உடம்புக்கு முடியவில்லையா? பஸ் நிலையத்துக்கு இவர் மூன்று தடவை போய் வெறுங்கையோடு திரும்பினார்.

நேற்று உன் கடிதம் வந்தது. நாலே வரி. கேக் முடிந்துவிட்டது, நாளைக்கு எடுக்க வருவார்கள், எடுத்ததும் கிளம்புகிறேன். மேலே மே 11 என்று போட்டிருக்கிறாய். தபால் முத்திரையில் ஜூன் 5. பழைய கடிதத்தைத்தான் மறுபடி அனுப்பிவிட்டாயோ என்று ரெண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எழுத்து வேறு, தாள் வேறு. புதிதாகத்தான் எழுதியிருக்கிறாய்.

தேதியைப் பார்த்து எழுது. எனக்கு எட்டாம் மாதம் பிறந்துவிட்டது.

வாண்டு

*

மே 11

அன்புள்ள வாண்டு,

இங்கே எல்லாம் அப்படியே இருக்கிறது, நானும்தான். உனக்குக் கர்ப்பிணி மறதி வந்துவிட்டது போலிருக்கிறது. கதவுக்கு அடியில் உன் உறை வந்து விழுந்தது. ஆசையாகப் பிரித்தால் உள்ளே வெறும் வெள்ளைத் தாள். திருப்பிப் பார்த்தேன், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், பேனா பட்ட தடம்கூட இல்லை. மாப்பிள்ளை அவசரத்தில் தப்பான தாளை மடித்து வைத்துவிட்டாரா?

போகட்டும். நீ முன்னால் எழுதியதெல்லாம் தெளிவாக இருக்கிறது, அதைப் படித்துக்கொள்கிறேன்.

கேக் முடிந்துவிட்டது. நாளைக்கு எடுக்க வருவார்கள். ஏழாம் மாதத்தில் கனமான பாத்திரம் எதையும் தூக்காதே.

அக்கா

*

ஜூன் 27

அக்கா,

சௌக்கியமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நடந்ததை எழுதிவிடுகிறேன்.

இவர் விடுப்புப் போட்டுவிட்டு உன் ஊருக்கு வந்தார். உன் வீடு பூட்டியிருக்கிறது. கீழே ஹார்டுவேர் கடைக்காரரைப் பார்த்திருக்கிறார். நீ மே மாதத்தில் ஒரு நாள் உள்ளே போனாயாம், அப்புறம் வெளியே வந்து அவர் பார்க்கவில்லையாம். கல்யாணக்காரர்கள் வந்து கதவைத் தட்டித் தட்டி, அவரைத் திட்டித் தீர்த்துவிட்டு, வேறெங்கோ ஒரு கேக் வாங்கிக்கொண்டு போனார்களாம். சில நாள் காலையில் கதவுக்கு அடியில் ஒரு உறை நீட்டிக்கொண்டிருக்கும், தொட்டால் சில்லென்று இருக்கும், எடுத்துத் தபாலில் போடுகிறேன் என்றாராம். உனக்கு வரும் என் கடிதத்தை உள்ளே தள்ளுவதும் அவர்தான்.

இவர் பூட்டை உடைத்திருக்கிறார். ரெண்டு பேரும் உள்ளே போனார்கள். அக்கா, அறை காலி. மேசைமேல் தூசி, மூலையில் ஒட்டடை, வெளியே இருக்கிற அதே புழுக்கம். கேக் இல்லை, அலமாரியில் ரோஜா இல்லை, நான் அனுப்பிய கடிதம் ஒன்றுகூட இல்லை. நீ இல்லை.

போலீஸுக்கும் போனார். "அவங்க கிட்டேருந்து கடிதம் வருதுங்கறீங்க, அப்புறம் எப்படிக் காணோம்?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்களாம்.

இதுவும் உனக்கு வெள்ளைத் தாளாகத்தான் வருமோ என்னவோ. யாரிடம் சொல்வது என்று தெரியாமல் உன்னிடமே சொல்கிறேன்.

வாண்டு

*

மே 11

அன்புள்ள வாண்டு,

நீ நலமா? மறுபடியும் வெள்ளைத் தாள்தான் வந்தது. கிண்டல் செய்கிறாய் என்றே வைத்துக்கொள்கிறேன்.

எழுத்து கலைந்திருந்தால் பொறுத்துக்கொள். யாரோ கதவை உடைக்கிற மாதிரிச் சத்தம் கேட்டது. போய்த் திறந்து பார்த்தேன், படிக்கட்டில் ஒருவரும் இல்லை. அதற்குள் சூடு உள்ளே வந்துவிட்டது. மேல் அடுக்கு லேசாக வேர்த்துவிட்டது. ஓர் அட்டையை எடுத்து விசிறிக் காய வைத்தேன். என் கையும் பிசுபிசுவென்று ஆகிவிட்டது. மேசையில் முழங்கையை ஊன்றி உட்கார்ந்திருந்தேன். எழுந்து பார்த்தால் மேசை விளிம்பு கையில் பள்ளமாகப் பதிந்திருக்கிறது. தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. வலியும் இல்லை. கடிகாரத்தைக் கழற்றினேன், பட்டை இருந்த இடமும் அப்படியே நிற்கிறது. இனி யார் தட்டினாலும் திறக்க மாட்டேன்.

அம்மாவைப் பற்றிக் கேட்டிருந்தாய். எத்தனையோ தடவை எழுத உட்கார்ந்தேன். இரத்தம் நிற்கவில்லை என்று பெரியவர்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது, அதை டாக்டரிடம் சொல். மற்றதை உனக்கு மட்டும் சொல்கிறேன். காலையில் அம்மா என் தலையை வாரிவிட்டு, சிரித்துக்கொண்டே ரிக்‌ஷாவில் ஏறினாள். சாயங்காலம் வராந்தாவில் நின்றிருந்தேன். உன் அழுகைதான் முதலில் கேட்டது. அம்மா எங்கே என்றேன். ஒருத்தரும் பதில் சொல்லாமல் துணியில் சுற்றி உன்னை என் கையில் கொடுத்தார்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். அந்த மாதிரி ஒரு நாள் உனக்கு வருவதை என்னால் பார்க்க முடியாது வாண்டு. செத்துவிடுவேன்.

இங்கே நீ ஏழாம் மாதம். நன்றாக இருக்கிறாய். நாளைக்கு எடுக்க வருவார்கள், அப்புறம் கிளம்பலாம்.

அக்கா

*

ஜூலை 30

அக்கா,

பெண் குழந்தை. நானும் நலம், அவளும் நலம். இதை உன்னால் படிக்க முடியாது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

இரத்தம் நிற்காமல்தான் போயிற்று. நீ எழுதியதை டாக்டரிடம் முன்பே காட்டியிருந்ததால் எல்லாம் தயாராக வைத்திருந்தார்கள். இன்னொருத்தர் இரத்தம் என் உடம்பில் ஏறிக்கொண்டிருந்தபோது, துணைக்கு என்று போட்டிருந்த நாற்காலி காலியாகக் கிடந்தது. உன்மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது. இப்போதும் இருக்கிறது. ஆனால் என்னைக் காப்பாற்றியதும் நீதான், அதை எந்தக் கணக்கில் வைப்பது என்று தெரியவில்லை.

அவள் அழுதால் தெரு கூடிவிடும். மற்றபடி நல்ல பெண்.

வாண்டு

*

மே 11

அன்புள்ள அக்காவுக்கு,

தேதியைப் பார்த்தாயா? நீ போடுகிற தேதியையே நானும் போட்டிருக்கிறேன். அதற்குப் பின்னால் எழுதியது எதுவும் உன்னிடம் நிற்பதில்லை என்று எனக்கு உறைக்க இவ்வளவு நாள் ஆயிற்று, என் மூளையை என்ன சொல்ல. இதையாவது நீ படிப்பாய்.

உன் கதவுக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். இந்தப் பக்கம் செப்டம்பர் 18. இவர் கீழே வண்டியில் ஏசியைப் போட்டு வைத்திருக்கிறார். கடைக்காரர், உடைத்த பூட்டுக்குப் பதிலாகப் போட்ட புதுப் பூட்டின் சாவியோடு நிற்கிறார். திறக்க வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். நாங்கள் திறந்தால் எனக்குக் காலி அறை கிடைக்கும், உனக்கு வேர்க்கும். அவரும் எவ்வளவு நாள்தான் பொறுப்பார்? அடுத்த வாரம் சுவரை இடித்து ஜன்னல் வைத்து ஒரு பல் டாக்டருக்கு விடப்போகிறார். அன்றைக்கு இந்த வெயில் மொத்தமும் உள்ளே வரும். அப்போது நீ என்ன ஆவாய்?

நீ பயந்த நாள் வந்துவிட்டுப் போய்விட்டது அக்கா. நான் பிழைத்துவிட்டேன். பிள்ளையும் பிழைத்துவிட்டது. நான் சொன்னால் நம்ப மாட்டாய், உன்னைச் சமாதானப்படுத்தச் சொல்கிறேன் என்பாய். அதனால் அவளைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். பசி நேரம். பால் கொடுக்காமல் கதவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன், இப்போது கத்துவாள். நானும் பேசிக்கொண்டே இருக்கிறேன். ரெண்டு பேர் குரலையும் கேள்.

கதவை நீதான் திறக்க வேண்டும்.

வாண்டு

*

செப்டம்பர் 18

வாண்டு,

இந்தத் தேதியை எழுதக் கை வரவில்லை. எழுதிவிட்டேன்.

உன் கடிதத்தைப் படித்தபோது நம்பவில்லை. பிறகு பிள்ளை அழுதது. நீ அன்றைக்கு வராந்தாவில் அழுத மாதிரியேதான், மூச்சை இழுத்துப் பிடித்து, நிறுத்தி, மறுபடி. அடுத்தது என்ன என்று எனக்குத் தெரியும், அம்மா எங்கே என்று கேட்பேன், ஒருத்தரும் பேச மாட்டார்கள். காதைப் பொத்திக்கொண்டேன். பொத்தியும் கேட்டது. "அடி என் தங்கமே, இரு, இரு, பெரியம்மா வந்துடுவா" என்று நீ சொல்கிறாய். நடுவில் இருமுகிறாய். யாரையோ தண்ணீர் கொண்டுவரச் சொல்கிறாய். பிள்ளை அழுகிறது, அதன் தாய் சமாதானப்படுத்துகிறாள். ரெண்டு சத்தத்தையும் சேர்த்து நான் இப்போதுதான் முதல் தடவையாகக் கேட்கிறேன்.

தேதியை எழுதி முடித்ததும் கேக் இறங்க ஆரம்பித்தது. மூன்றடுக்கும் ஒன்றாகிவிட்டது. தண்ணீர் கதவு வரைக்கும் வந்துவிட்டது, உன் செருப்பு நனைந்தால் அதுதான். நானும் நனைந்திருக்கிறேன். மே மாதத்திலிருந்து எனக்கு வேர்த்திருக்க வேண்டியதெல்லாம் இப்போது சேர்த்து வேர்க்கிறது. பேனாவைப் பிடித்த இடத்தில் விரல் சப்பையாகிவிட்டது.

இங்கே கண்ணாடி இல்லை. முகத்தைத் தொட்டுப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. எப்படி இருப்பேன் என்று எனக்கே தெரியாது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொள், அதன் முகம் படிக்கட்டுப் பக்கம் இருக்கட்டும். மாப்பிள்ளையும் கீழேயே நிற்கட்டும். நீ மட்டும் என்னைப் பார்.

கதவைத் திறக்கிறேன். நான்தானா என்று நீ சொல்.

அக்கா